எழுதும் யோக்கியதை பிறவியில் வருவதா?

(செந்துறையில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



ஆங்கிலப் படிப்பைப் பற்றி நம்மைப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. வாசகசாலைகளில் கண்டதைப் படித்துத் தெரிந்து கொண்டவரே. ஆகையால் நாம் சொல்வதை உங்கள் அறிவைக் கொண்டு பரிசீலித்து, சரியென்று பட்டதை மாத்திரம் ஏற்றுக் கொள்ளுங்கள்.

தோழர்களே! முந்திரிக்கொல்லையில் பாடுபடுகிறவர் வீட்டுப் பிள்ளை ஒரு பக்கம் ஆங்கிலம் எழுதினால், “இதெல்லாம் உனக்கு வருமா?” என்று நையாண்டி செய்ய நாலு பேர் வந்து விடுகிறார்கள். அந்தப் பாஷையைத் தாய்ப்பாஷையாகக் கொண்டு பிறந்தவருக்கே அது சுத்தமாய் வருமாம். இன்ன வயிற்றில் பிறந்தவனுக்கே இன்ன வித்தை வரும் என்ற பழைய புரட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

இதற்குப் பதிலாக ஒரு தமிழரின் வாழ்க்கையைச் சொல்லுகிறோம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தோழர் சுரேஷ் கனகராஜா அவர்களுடைய பெற்றோர், பிள்ளைக்குத் தெரியக் கூடாத சங்கதிகளை ஆங்கிலத்தில் பேசிக் கொள்வார்களாம். அந்த ரகசியத்தை உடைக்கவே காதைத் தீட்டிக்கொண்டு கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். 1990-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்துக்கே திரும்பி உபாத்தியாயர் வேலை பார்த்தார். 1994-ல் மறுபடியும் அமெரிக்கா சென்றார். பிறகு, ஆங்கிலம் கற்பிப்போருக்கான ‘டெசோல் குவாட்டர்லி’ என்னும் பேர்பெற்ற பத்திரிகைக்கே ஆசிரியரானார். பிறவி ஆங்கிலக்காரர் எழுதியதையும் திருத்தும் இடம் அது!

அவர் கண்டு சொன்ன உண்மைகளில் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, 1999-ல் வெளியான புத்தகத்தில் ஒரு சங்கதி. யாழ்ப்பாணத்து மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தை வைத்துக் கொண்டு வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் புத்தகத்தின் ஓரங்களிலோ தமிழ்க் குறிப்புகளும் படங்களும் நிறைந்திருந்தன. வேறு வாத்தியாராயிருந்தால் புத்தகத்தைக் கெடுத்தாயென்று தண்டித்திருப்பார். இவரோ, தங்கள் வாழ்வுக்குச் சம்பந்தமில்லாத பாடத்துக்கு அவர்கள் கொடுத்த பதில் அது என்று கண்டார்.

இரண்டாவது, 2002-ல் வந்த புத்தகத்தில் உள்ளது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, காகிதம் கிடையாது, தபால் சரிவர வராது. மேல்நாட்டுப் பத்திரிகைகளோ நல்ல தாளில் பல பிரதிகள் கேட்டன. அங்கிருந்து கட்டுரைகள் வெளிவராததற்குக் காரணம் அறிவுக் குறைவா, காகிதக் குறைவா?

மூன்றாவது, 2006-ல் எழுதிய கட்டுரையில் பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்களின் எழுத்துக்களை ஆராய்ந்தார். சிவத்தம்பி உள்ளூராருக்குத் தமிழில் எழுதும்போது ஒரு முறை. அவர்களுக்கே ஆங்கிலத்தில் எழுதும்போது வேறு முறை. வெளிநாட்டாருக்கு எழுதும்போது இன்னொரு முறை. ஆகவே, எழுத்தில் காணும் வேறுபாடெல்லாம் தாய்ப்பாஷை செய்த கோளாறென்று சொல்வது தப்பு. படிப்பவர் யாரென்று அறிந்து எழுதுகிறவர் தேர்ந்து கொள்வதும் உண்டு.

“அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் எழுதலாமோ?” என்று சிலர் கேட்கக் கூடும். கூடாது. விதியைக் கற்க வேண்டியதுதான். ஆனால் அது மனிதர் செய்த விதி, காரியத்துக்காக ஏற்பட்டது. தெரிந்து கொண்டு கையாள வேண்டுமே தவிர, கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டியதில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் மேலே போய் விட்டதாலேயே எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறதென்று எண்ணி ஏமாறக் கூடாது. அதே ஊரில், அதே மூளையோடு, வழி கிடைக்காமல் நின்று போனவர் எத்தனை பேரோ! அவரைப் புகழ்ந்து பேசிக் கலைவதால் நமது பிள்ளைகளுக்கு ஒரு பயனுமில்லை.

ஆகவே தோழர்களே, பிள்ளை எழுதிய தாளைப் பார்த்ததும் சிவப்பு மசியைத் தேடாதீர்கள். “நீ என்ன சொல்ல நினைத்தாய்?” என்று முதலில் கேளுங்கள். பிறகு அதைச் சொல்லும் வழியைக் காட்டுங்கள். ஊருக்கொரு வாசகசாலையும், பிள்ளைக்கொரு நோட்டுப் புத்தகமும், இரவில் படிக்க ஒரு விளக்கும் இருக்கும்படி பாருங்கள். இவ்வளவையும் கொடுத்து, சிரிப்பையும் நிறுத்திப் பார்த்த பிறகு, எழுத்து யாருக்கு வரும், யாருக்கு வராது என்று பேசுவோம்.