நோயாளியின் அருகில் ஒரு சிறு பாட்டு

(பெரணமல்லூரில் கூடிய ஆதரவாளர்களிடையே பேசியதன் சுருக்கம்)



உங்கள் காணிக்கை எந்த மருந்துக்கும் எந்தப் படுக்கைக்கும் சென்றது என்று உங்களுக்குத் தெரிவித்து வருகிறோம். இன்று அந்தக் கணக்கில் வராத ஒரு தேவையைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

ஆரணி, பெரணமல்லூர் பக்கத்து முதியவர்களில் பலர் வாழ்நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர்கள். வயதானபின் முழங்கால் மடங்குவதில்லை, இடுப்பு நிமிர்வதில்லை, இழை கண்ணுக்குத் தெரிவதில்லை. இதற்குமேல் புற்றுநோயோ இருதய நோயோ வந்து, இனிக் குணமாக்க இயலாது என்ற நிலையும் சிலருக்கு ஏற்படுகிறது. அப்போது வார்டு வாசலில் மகன் எங்களைத் தனியே அழைத்து, "அப்பாவுக்குத் தெரிய வேணாங்க, டாக்டர்" என்கிறார். உள்ளே தகப்பனாரோ, "எனக்குத் தெரியும் சிஸ்டர். பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்கிறார். இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் தறி யாருக்கு, கடன் எவ்வளவு, பேச்சை நிறுத்திவிட்ட தம்பியை வரவழைக்கலாமா என்பதெல்லாம் பேசப்படாமலே போய்விடுகிறது. அவர் பிள்ளைகள் நடுவிலேயே தனியாக இருக்கிறார்.

இந்த மௌனத்தைத் திறக்க நம் தமிழில் ஒரு பழைய வழி இருக்கிறது. அதுதான் சிறு பாட்டு.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு முதியவர் பேசுகிறார். இளமையில் மருத மரக்கிளையில் ஏறி, ஆழமான நீரில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்தவர் அவர். இப்போது கோலூன்றி நிற்கிறார். இருமலுக்கு நடுவே சில சொற்களே வருகின்றன. அந்த இளமை எங்கே போயிற்று என்று கேட்கிறார். பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் அவர் ஊன்றி நிற்கும் கோலை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம்.

நாலடியாரில் நானூறு வெண்பாக்கள், ஒவ்வொன்றும் நான்கே அடி. இரண்டாம் அதிகாரம் இளமை நிலையாமை, மூன்றாவது யாக்கை நிலையாமை. சமண முனிவர்கள் பாடியது என்பது மரபு. தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழும் வந்தவாசி, ஆரணிப் பகுதிக்கு இது அந்நியமான நூலன்று. மிஷனெரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த ஜி.யு. போப் ஐயர் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1893இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

மூச்சு வாங்கும் ஒருவரால் நீண்ட பிரசங்கத்தைக் கேட்க முடியாது. நான்கு அடியைக் கேட்க முடியும். மேலும், பாட்டில் வருகிறவர் வேறொரு முதியவர். "இந்தப் பெரியவர் சொல்றது சரிதானாப்பா?" என்று மகன் கேட்டால், தகப்பனார் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கித் தன்னைப் பற்றியும் பேசலாம். தன் வாயால் "நான் சாகப் போகிறேன்" என்று தொடங்க வேண்டிய பாரம் அவருக்கு இல்லை.

வேதத்திலும் இதைக் காண்கிறோம். ஏசாயா 38ஆம் அதிகாரத்தில் எசேக்கியா ராஜா தன் வியாதியைப் பற்றி எழுதிய பாட்டு இருக்கிறது. நெசவாளன் தறியிலிருந்து அறுக்கும் பாவுக்குத் தன் ஆயுளை ஒப்பிடுகிறார். பெரணமல்லூரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தன் அழுகையையும் அவர் மறைக்கவில்லை. அதே அதிகாரத்தில்தான் அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடவும் சொல்லப்படுகிறது. ஆகவே முடிவை ஏற்றுக்கொள்வது என்றால் வைத்தியத்தைக் கைவிடுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். வலியில் துடிப்பவருக்கு முதலில் வலி மருந்து. அவர் சற்று அமைதியான பிறகுதான் பாட்டு.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர். அதன் கடைசிக் குறள் வைத்தியத்தை நான்கு பங்காக்குகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுகிறவர். மருந்து வாங்க நீங்கள் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். நான்காவது பங்குக்கும் உங்களையே கேட்கிறோம்.

உங்கள் சபையிலோ தெருவிலோ படுத்த படுக்கையாய் இருப்பவரைச் சந்தியுங்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று அவசரமாகச் சொல்லாதீர்கள். அவருக்குக் கேட்க விருப்பமா என்று கேட்டு, ஒரு வெண்பாவையோ ஒரு சங்கீதத்தின் சில வசனங்களையோ மெதுவாக வாசியுங்கள். பிறகு சும்மா உட்கார்ந்திருங்கள். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தெரிந்துகொள்ள விரும்பாதவரிடம் உண்மையைத் திணிக்க நமக்கு உரிமையில்லை. விரும்புகிறவருக்கோ நாட்கள் குறைவு. தம்பியை வரவழைக்க இந்த வாரமே போதுமானதாக இருக்கலாம். அடுத்த வாரம் இருக்குமா என்று சொல்ல முடியாது.