ஒரு டாக்டரின் குறிப்பு போதாது

மாட்டுக்கு எவ்வளவு மருந்து போடணும்னு புத்தகத்துல இருக்கு. பாறு கழுகுக்கு? பல மருந்துகளுக்கு இருக்காது. ஒரு உயிரியல் பூங்கா டாக்டர் தன் வாழ்நாளில் சில பாறுகளுக்குத்தான் வைத்தியம் பார்த்திருப்பார்.

1990-களில் இந்தியாவில் பாறுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியாப் பாறுகளைக் கொல்லுதுன்னு 2004-ல் தெரிஞ்சது. மாற்று மருந்து வேணும். ஆனா அழிஞ்சுக்கிட்டிருக்கும் பறவை மேல எடுத்த எடுப்பில் சோதிக்க முடியுமா?

ஆய்வாளர்கள் பூங்கா டாக்டர்கள்கிட்டயும் வனவிலங்கு டாக்டர்கள்கிட்டயும் கேட்டாங்க. 60 இனங்களில் 700-க்கும் மேற்பட்ட பறவைகளுக்கு மெலாக்சிகாம் கொடுத்தும் ஒண்ணுகூடச் சாகலைன்னு தெரிய வந்தது. அதுக்கப்புறம்தான் பாறுகளில் சோதனை. 2006-ல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது.

அமெரிக்க உயிரியல் பூங்கா கால்நடை மருத்துவர் சங்கம், 1951-ல் தொடங்கிய வனவிலங்கு நோய்ச் சங்கம் போன்றவை ஆய்விதழும் மாநாடும் நடத்துறது, இப்படிச் சிதறிக்கிடக்கும் அனுபவத்தை ஒண்ணு சேர்க்கத்தான்.

இளம் டாக்டர்களே, உங்க கேஸ் நோட்டைப் பூட்டி வைக்காதீங்க. பிழைக்காத கேஸையும் எழுதுங்க. அடுத்த பறவை அதனால பிழைக்கலாம்.