ஒரு சின்னச் சந்தேகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வல்லார் பலர் இந்த அவையில் இருக்க, சட்டத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். இசை நிகழ்ச்சிக்கும் சிற்றுண்டிக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட பேச்சு இது என்பதை மறவாமல், இயன்ற அளவு சுருக்கியே சொல்ல முயல்கிறேன்.

மும்பையில் நான் வழக்கறிஞர் தொழில் புரியத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலத்தில் அலுவலகத்துக்கு வந்து கேட்கப்பட்ட கேள்விகளைக் காட்டிலும், மாட்டுங்காக் கடைத்தெருவில் காய்கறி வாங்கும்போதும், திருமணப் பந்தியில் இலைமுன் அமர்ந்திருக்கும்போதும், மின்சார ரயிலில் ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கும்போதும் கேட்கப்பட்டவையே மிகுதி. எல்லாக் கேள்விகளும் "ஒரு சின்னச் சந்தேகம்" என்றுதான் தொடங்கும். அந்தச் சின்னச் சந்தேகத்துக்குள் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு அடங்கியிருக்கிறது என்பது பின்னர்தான் வெளிப்படும்.

கேட்பவர் வேண்டுவது ஒரே ஒரு சொல். "ஆம்" என்றாவது "இல்லை" என்றாவது சொன்னால் போதும். வழக்கறிஞர் தருவதோ வேறொரு கேள்வி. எழுத்தில் ஏதேனும் உண்டா? என்றைக்கு நடந்தது? கையெழுத்திட்டவர் யார்? மூலம் யாரிடம் இருக்கிறது? "கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நம்மையே குறுக்கு விசாரணை செய்கிறாரே" என்று மனம் நொந்தவர்கள் இங்கும் இருக்கக்கூடும். அவர்கள் சார்பிலும் என் தொழிலின் சார்பிலும் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நாம் எல்லோரும் அறிந்த பழைய வழக்கு ஒன்று உண்டு. திருமணப் பந்தலில் சுந்தரரைத் தடுத்து, "நீ எனக்கு அடிமை" என்று வாதிட்ட முதியவரின் வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. சுந்தரர் சினங்கொண்டு முதியவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு அத்துடன் தீர்ந்தது என்றே அவர் எண்ணியிருப்பார். முதியவரோ, கிழிந்தது படியோலை என்றும், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்றும் கூறினார். திருவெண்ணெய்நல்லூர் அவையார் செய்தது என்ன? வந்தவர் நல்லவரா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மூல ஓலையை வாங்கிப் படித்தார்கள். அதில் இருந்த பாட்டனாரின் எழுத்தை, அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதன் பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். அன்பர்கள் இதில் இறைவனின் அருளைக் காண்பார்கள். நானும் காண்கிறேன், ஆயினும் தொழிற்புத்தி விடுவதில்லை. படியை மட்டும் கையில் எடுத்து வராமல் மூலத்தைப் பத்திரமாக வைத்திருந்த அந்தக் கட்சிக்காரரைப் போல் ஒருவர் எனக்கு வாய்த்ததில்லை!

என்னிடம் வருவோரில் பலர் இன்று கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டுகிறார்கள். அதுவும் பாதிப் பக்கமாக இருக்கும். மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "மூலப்பத்திரம் ஊரில் சித்தப்பாவின் பீரோவில் இருக்கிறது" என்பார்கள்.

தாளுக்கு அடுத்தபடி நாங்கள் கேட்பது தேதி. இதில்தான் எளியவர்கள் பெரிதும் ஏமாந்து போகிறார்கள். புரோநோட்டின் பேரில் கொடுத்த கடனுக்கு வழக்குத் தொடர 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகள் தருகிறது. அம்மூன்று ஆண்டுகள் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகின்றன? "நான் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து" என்றே பத்தில் ஒன்பது பேர் எண்ணுகிறார்கள். கேட்டபோது தருவதாக எழுதிய சாதாரண நோட்டாக இருந்தால், அது எழுதப்பட்ட நாளிலிருந்தே காலம் ஓடுகிறது. காசோலை திரும்பி வந்தால் இன்னும் குறுகிய கெடு. வங்கியிலிருந்து செய்தி கிடைத்த முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அதைப் பெற்றவர் பதினைந்து நாளில் பணம் தராவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும். உறவு கெடக்கூடாது என்று பொறுத்திருப்பவரின் பெருந்தன்மையைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்றதாகச் சொன்னால் அது பொய்யாகும். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், சயானில் சிறிய இட்லிக் கடை நடத்திவந்த அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். 40,000 ரூபாய் கடன் கொடுத்ததற்கான புரோநோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "சார், என் பணம் வருமா?" என்பதே அவருடைய கேள்வி. நான் ஒரு திருமண வரவேற்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "வரும், பார்க்கலாம். அடுத்த சனிக்கிழமை வாருங்கள்" என்றேன். அந்தத் தாளை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவர் சொன்னபடி வந்தார். அன்றுதான் பிரித்தேன். இடையில் வந்த செவ்வாய்க்கிழமையோடு மூன்று ஆண்டுகள் முடிந்திருந்தன. முதல் சனிக்கிழமை நான் ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால், திங்கட்கிழமையே வழக்கைத் தாக்கல் செய்திருக்கலாம்.

உண்மையை அவரிடம் சொன்னேன். சொல்வதற்கு முன் ஒரு குவளை தண்ணீர் வேண்டியிருந்தது. அவர் கோபிக்கவில்லை. "உங்கள் மேல் தப்பில்லை சார், நான் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்" என்றார். அச்சொல்லை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. சட்டத்தில் ஒரு வழி எஞ்சியிருந்தது. காலங்கடந்த கடனாயினும், அதைத் தருவதாகக் கடன்பட்டவர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். நானே அவருடன் கடன்பட்டவரின் வீட்டுக்குப் போனேன். அவர் காப்பி கொடுத்து உபசரித்தார். பணம் தருவதாகவும் சொன்னார். "கையெழுத்தெல்லாம் எதற்கு, நமக்குள்?" என்று கேட்டார். இரண்டு தவணையில் 6,000 ரூபாய் வந்தது. பிறகு அவர் வீடு மாறிவிட்டார்.

சட்டம் தெரியாதவர் சொல்லும் "பார்க்கலாம்" ஒரு ஆறுதல். வழக்கறிஞர் அதே சொல்லைச் சொன்னால் கேட்பவர் அதை வாக்குறுதியாகக் கொள்கிறார். எங்களில் பலர் வந்தவரின் மனம் கோணக்கூடாது என்றோ, "தெரியாது" என்று சொல்ல நாணியோ, அந்தச் சொல்லை எளிதாக உதிர்த்துவிடுகிறோம். அன்று முதல், தேதியைப் பார்க்காமல் எவரையும் நான் வாசல்படி இறங்கவிட்டதில்லை. பந்தியில் கேட்டாலும், "என்றைக்கு?" என்ற கேள்வி மட்டும் என் வாயிலிருந்து தானே வந்துவிடுகிறது.

வாடகை பற்றிய கேள்விகள் கணக்கற்றவை. விரிவாகப் பேசினால் சிற்றுண்டி ஆறிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். "பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாமே?" என்று ஊர் நினைவில் கேட்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே பதிவு வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்ட விதியிலிருந்து பிறந்த வழக்கம் அது. மகாராஷ்டிரத்தில் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, லீவ் அண்டு லைசென்ஸ் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்காயினும் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவில்லாமல் தகராறு எழுந்தால், நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, உண்மையெனக் கொள்ளப்படும். தரகுச் செலவை மிச்சம் பிடிக்கும் நம் வீட்டுக்காரர்கள் இதைக் கருத வேண்டும்.

அடுத்து ஒரு கேள்வி. இதைப் பெண்கள் மட்டுமே கேட்கிறார்கள். தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். இத்தகைய விழா ஒன்றில்தான், காப்பி ஊற்றும் இடத்தருகே ஒரு சகோதரி என்னை அழைத்து, "அண்ணா, ஊரிலிருந்து தம்பி ஒரு பத்திரம் அனுப்பியிருக்கிறான். பட்டா மாற்றக் கையெழுத்து வேண்டுமாம். போட்டால் தப்பில்லையே?" என்றார். அவருடைய இசைவு பெற்று, அடையாளங்களை மாற்றியே இதைச் சொல்கிறேன். மறுநாள் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அது விடுதலைப் பத்திரம். பட்டா மாற்றம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. தந்தையின் வீட்டிலும் நஞ்சையிலும் தமக்குள்ள பங்கு முழுவதையும் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது.

"எனக்கு அதில் பங்கு உண்டா?" என்று அவர் கேட்டார். தந்தை தாமே ஈட்டிய சொத்தாக இருந்து, உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் மனைவிக்கும், தந்தையின் தாயார் இருந்தால் அவருக்கும், சமபங்கு உண்டு. இதை ஏதோ அண்மையில் வந்த சலுகையாகவே பலர் நினைக்கிறார்கள். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தின் வரலாறுதான் வேறு. தமிழ்நாட்டில் 25-3-1989 முதல், அந்நாளுக்கு முன் மணமாகாத மகளுக்குப் பிறப்பால் உரிமை வந்தது. 9-9-2005இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமான மகளுக்கும் அதைத் தந்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தை, வேண்டியதில்லை என்று 2020ஆம் ஆண்டில் விநீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆனால் 20-12-2004க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ முடிந்துவிட்ட பாகப்பிரிவினையை இச்சட்டம் கலைக்காது. இங்கும் பாருங்கள், எல்லாம் தேதியில் வந்து நிற்கிறது.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பங்கு கேட்டால் எனக்குத் தாய்வீடு இருக்குமா அண்ணா?" என்றார். அவர் முதலிலிருந்தே கேட்க வந்த கேள்வி அதுதான். அதற்கு விடை என் அலமாரியில் உள்ள எந்தப் புத்தகத்திலும் இல்லை. "கொடுக்க விரும்பினால் கொடுங்கள், அது உங்கள் உரிமை. பட்டா மாற்றம் என்று நம்பிக் கொடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவர் தாமே முடிவு செய்தார். தாயார் வசிக்கும் வீட்டில் தம் பங்கைத் தம்பிக்கு விடுவித்துப் பதிவு செய்துகொடுத்தார். நஞ்சையில் தம் பங்கை வைத்துக்கொண்டார். தம்பி ஆறு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார் என்று கேள்வி.

மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவருக்கே வீடு சொந்தம் என்பது பரவலான தவறு. சங்கம் தன் ஏட்டில் நாமினியின் பெயரை ஏற்கும். வீடு யாருக்கு உரியது என்பதை உயிலோ வாரிசுரிமையோதான் முடிவு செய்யும். உயிலுக்கு முத்திரைத் தாளும் வேண்டா, பதிவும் கட்டாயமன்று. சான்றொப்பமிடும் சாட்சிகள் இருவர் வேண்டும். ஊருக்குச் செல்லும் ரயிலில் பெட்டி களவு போனால், "எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை" என்று காவல் நிலையத்தார் புகாரைத் தள்ள முடியாது. 1-7-2024 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எல்லை எதுவாயினும் தகவலைப் பதியச் சொல்கிறது.

"வக்கீல் கட்டணத்துக்கு எங்கே போவது?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோர் தம் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். மற்றவர்க்கு வருமான வரம்பு உண்டு. அழைக்க வேண்டிய தொலைபேசி எண் 15100. தாராவியில் நான் சந்தித்த தாய்மார்களில் இதை அறிந்திருந்தவர் மிகச் சிலரே. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.

விழா முடிந்ததும் வாசலில் என்னை மறிக்க எண்ணியிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். வழக்கறிஞரிடம் ஆலோசனைக்காகச் சொன்னதை அவர் வெளியிடலாகாது என்று சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. பக்கத்து இலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் நம் சங்க நூலகத்தின் உள்ளறையில் இருப்பேன், கட்டணம் ஏதுமில்லை. வரும்போது மூலத்தைக் கொண்டுவாருங்கள். அது சித்தப்பாவின் பீரோவில் இருந்தால், இருக்கும் படியையாவது எடுத்துக்கொண்டு இந்த ஞாயிறே வாருங்கள். முதலில் தேதியைப் பார்த்துவிடுவோம். ஊருக்குப் பிறகு போகலாம்.