ஆண்டு நியமங்களின் கணக்கு
(தசலட்சணப் பெருவிழா நிறைவு நாளில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

 

உத்தம பொறையில் தொடங்கி உத்தம பிரமசரியத்தில் நிறைவுறும் பத்து நாள் பெருவிழா இன்று நிறைவடைகிறது. இந்நாளில் ஜினபிம்பத்தின் முன் நின்று நியமம் ஏற்பது நம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். இரவுண்ணாமை, கிழங்கு விலக்கல், அட்டமி சதுர்த்தசி நோன்பு என ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை ஏற்கின்றனர். ஆயினும், சென்ற ஆண்டு ஏற்ற நியமங்கள் என்னவாயின என்று தம்மைத் தாமே வினவுவோர் மிகச் சிலர். அறுவடை முடிந்ததும் உழவர் களத்திலேயே கணக்குப் பார்க்கின்றார். நியமத்திற்கு மட்டும் அக்கணக்கு வேண்டாவோ?

வேண்டும் என்பதே நம் ஆசாரியர்களின் துணிபு. துறவியர் ஒழுக்கத்தை உரைக்கும் மூலாசாரம், நாள்தோறும் ஆற்ற வேண்டிய ஆறு ஆவசியகங்களுள் பிரதிக்கிரமணத்தையும் ஒன்றாக வைத்தது. எல்லை கடந்து சென்ற கால் மீண்டு திரும்புதலே அச்சொல்லின் பொருள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, பக்கத்திற்கு ஒன்று, நான்கு திங்களுக்கு ஒன்று என அதனை வகுத்தவர்கள், ஆண்டுக்கு ஒன்றையும் வகுத்தனர். அனைத்தையும் துறந்த முனிவர்க்கே ஆண்டுக் கணக்கு தேவையாயின், இல்லறத்தார்க்கு அது எத்துணை இன்றியமையாதது!

இல்லறத்தார் நோன்புகளை விரிக்கும் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர், கால எல்லையோடு ஏற்பதை நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பதை யமம் என்றும் பிரித்துக் காட்டினார். கால எல்லை உண்டு என்பதாலேயே நியமத்திற்கு ஒரு கணக்கு நாளும் உண்டு.

இதனை விளக்க ஓர் இல்லறத்தாரின் ஓராண்டைக் காண்போம். அவர் சிற்றூர் ஒன்றில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் உழவர், அறுபதைக் கடந்தவர். சென்ற ஆண்டு இதே நாளில் நான்கு நியமங்கள் ஏற்றுப் பேத்தியின் பழைய பள்ளிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கதிரவன் மறைந்தபின் உண்ணாமை முதலாவது. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் ஒருபொழுது உண்ணுதல் இரண்டாவது. நாள்தோறும் அருங்கலச்செப்பில் சிறிது பயிலுதல் மூன்றாவது. ஆறு ஆண்டுகளாகப் பேச்சு நின்றுபோன தம்பியிடம் பொங்கலுக்குள் தாமே சென்று பொறுத்தருள வேண்டுதல் நான்காவது.

இவ்வாண்டு விழா தொடங்குவதற்கு முன் அவர் அக்குறிப்பேட்டைத் திறந்தார்.

இரவுண்ணாமை 23 நாள்கள் தவறியிருந்தது. எல்லாம் வெளியூர்ப் பயணமும் திருமண வரவேற்பும் நிகழ்ந்த நாள்கள். வீட்டில் ஒருநாளும் தவறவில்லை. பயணத்திற்கு முன்னேற்பாடு செய்யாமையே குறை என்று அவர் கண்டார். அவலும் பழமும் கையில் இருந்திருப்பின் அந்நாள்களில் பெரும்பாலானவை தப்பியிருக்கும்.

மூன்றாம் நியமம் சம்பா அறுவடையில் நின்றது, நின்றது நின்றதே. கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி, "தாத்தா, அந்தப் புத்தகம் எங்கே?" என்று கேட்ட பின்னரே மீண்டும் தொடங்கிற்று. தனியே பயின்றபோது நின்றது, இருவராய்ப் பயின்றபோது நிலைத்தது.

ஒருபொழுது நோன்பு மூன்று நாள்கள் தவிர எல்லா நாள்களிலும் நிறைவேறியிருந்தது. இதனை மகிழ்வோடு படித்துக் காட்டியபோது அவர் மனைவியார் அமைதியாகச் சொன்னார்: "நீங்க பட்டினி இருக்கிற நாள்ல நாங்கதான் ஏச்சு வாங்கிக்கிட்டுச் சாப்பிடுறோம்." அவருக்கு மறுமொழி கிடைக்கவில்லை. நோன்பைச் சினத்தோடு நோற்றால் வயிற்றிற்கு ஓய்வு கிடைக்கும்; வினை தேய்வதில்லை. குறிப்பேட்டில் மிக நன்றாக நிறைவேறியதாகத் தோன்றிய நியமமே இல்லத்தாரை வருத்தியிருந்தது.

நான்காம் நியமத்திற்குரிய பக்கம் வெறுமையாக இருந்தது.

அதன் வரலாறு இது. கிணறு இருவர்க்கும் பொது. நீர் இறைப்பது நாள் முறை. ஒரு கடுங்கோடையில், தம்பியின் முறையன்று இரவில் இவர் பம்புசெட்டை ஓட்டித் தம் வயலுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டார். தம்பியின் மணிலா காய்ந்தது. அன்று நின்ற பேச்சு பின்னர்த் தொடரவேயில்லை. நியமம் ஏற்ற பின்பும், அறுவடை முடியட்டும் என்றார். பொங்கல் கழியட்டும் என்றார். அவன் முகம் கொடுக்கவில்லையே என்றார். ஆண்டு கழிந்தது.

அமிதகதி ஆசாரியர் நோன்பின் வழுவை நான்கு படிகளாகப் பிரித்தார். மனத்தூய்மை குலைதல் அதிக்கிரமம். ஒழுக்கத்தின் வேலியைக் கடத்தல் வியதிக்கிரமம். விலக்கியதில் ஈடுபடல் அதிசாரம். அதிலேயே ஆழ்ந்து போதல் அநாசாரம். வேலியோரம் மேயும் எருதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். முதலில் பயிரை நோக்கி மனம் செல்கிறது. அடுத்து வேலி சாய்கிறது. பின் ஒரு வாய் மேய்கிறது. இறுதியில் அங்கேயே படுத்துக்கொள்கிறது. ஒரு வாய் மேய்ந்த எருதை மீட்டுவிடலாம். படுத்துக்கொண்ட எருதை எழுப்புவது அரிது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்குப் பார்க்காதவரின் நியமம் அந்நான்காம் படிக்கே சென்று சேர்கிறது.

அவர் மேலும் ஆராய்ந்தார். மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையிலும் ஒன்பது வழிகளில் வினை வந்து சேரும் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டது. தம்பியை அவர் ஏசியதில்லை; பிறரை ஏவியதுமில்லை. ஆயின் களத்துமேட்டில் யாரேனும் தம்பியைப் பழித்துப் பேசியபோது வாய்மூடி இருந்தார். உள்ளத்தில் ஒரு சிறு மகிழ்ச்சியும் தோன்றிற்று. ஒன்பது வழிகளுள் எட்டை அடைத்தவர் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். 'நான் எவரையும் வெறுப்பவன் அல்லன்' என்று அதுவரை அவர் நம்பியிருந்தமை தம்மையே வஞ்சித்துக்கொண்டமையாகும்.

முள் நீங்கியவனே விரதி என்பது உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் வகுத்த இலக்கணம். வஞ்சனை, பொய்க்காட்சி, பயன் விரும்பி நோற்றல் என அம்முட்கள் மூன்று. முள் தைத்த காலோடு எத்துணைத் தொலைவு நடந்தாலும் வலியே மிகும். 45 ஒருபொழுதுகள் நோற்றும் அவர் இல்லத்தில் அமைதி நிலவாததன் காரணம் அவருக்கு அப்போது விளங்கிற்று.

பிரதிக்கிரமணம் வருந்துவதோடு முடிவதில்லை. தன்னுள் பழித்துக்கொள்ளுதல், குருவின் முன் மறையாது உரைத்தல், இனிச் செய்யேன் என விலக்குதல் என அது படிப்படியே செல்வது. குரு அருகில் இல்லாத அவர், தவறு யாருக்கு இழைக்கப்பட்டதோ அவர் முன்னரே சென்று உரைக்கத் துணிந்தார். உத்தம பொறை நாளன்று மாலை தம்பியின் திண்ணை முன் சென்று நின்றார்.

"தம்பி, அந்த வருஷம் உன் முறையில தண்ணி எடுத்தது தப்பு. தப்பு என்னோடது" என்றார்.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "உட்காருங்க அண்ணா" என்றார். அவ்வளவே. கிணற்றைப் பற்றி இருவரும் பேசவில்லை. பழைய நெருக்கம் ஒரே மாலையில் திரும்பிவிடவும் இல்லை.

இல்லம் திரும்பியவர் வெறும் பக்கத்தில் 'சமாதானம் ஆயிற்று' என்று எழுதவில்லை. 'சென்றேன்' என்று மட்டும் எழுதினார். பொறுத்தருளல் தம்பியின் உரிமை. சென்று வேண்டுதலே தம் நியமம் என்பதை அவர் அறிந்திருந்தார். வரும் ஆண்டிற்கு அவர் ஏற்றுள்ள நியமங்கள் மூன்றே. வெளியூர் செல்லும் நாளில் பகலுணவைக் கையில் கொண்டு செல்லுதல். நோன்பு நாளில் இல்லத்தாரிடம் கடுஞ்சொல் கூறாமை. கோடையில் கிணற்று நீர் குறையுமாயின் முதல் முறையைத் தம்பிக்கு விடுதல். மூன்றும் நிறைவேறினவா இல்லையா என்பதை வீட்டிலுள்ள குழந்தையும் சொல்லிவிடும்.

பெருமக்களே! புதிய நியமம் ஏற்கக் கைகூப்புமுன், பழைய நியமத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நிறைந்த பக்கங்களை இல்லத்தாரிடம் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வெறுமையாக விட்ட பக்கத்தின் முன் சற்று நில்லுங்கள். முள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இன்று மாலை ஒருவர் மற்றவரிடம் பொறுத்தருள வேண்டும்போது, எளிதில் வேண்டக்கூடியவரிடம் மட்டும் வேண்டிவிட்டு வீடு திரும்பாதிருப்போமாக.

அறம் வளர்க! அனைத்துயிரும் நலம் பெறுக!