கொல்லேரு ஏரியும் மீன் குளங்களும்

(மும்பை சுனாபட்டியில் தமிழ் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு கிலோ கெண்டை மீனின் அடக்க விலை என்ன என்று கேட்டால் வளர்ப்போர் உடனே கணக்குக் கூறுவர்: குஞ்சு, தவிடு, பிண்ணாக்கு, உரம், கூலி, குத்தகை. ஏரிக்கு நேரும் இழப்பு இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அவ்விழப்பு எத்தகையது என்பதற்கு ஆந்திரப் பிரதேசத்துக் கொல்லேரு ஏரியே சான்று.

கிருஷ்ணா, கோதாவரி ஆகிய இரு கழிமுகங்களுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தில் அமைந்த நன்னீர் ஏரி அது. புடமேரு, தம்மிலேரு முதலிய ஆறுகளின் வெள்ளத்தைத் தாங்கிக்கொண்டு, உப்புடேரு வழியாக வங்கக் கடலுக்கு மெல்ல அனுப்புவது அதன் இயற்கைப் பணி. விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றைப் பிடித்து ஏரி மீனவர் வாழ்ந்தனர்.

1970களில், அவர்தம் வறுமையைப் போக்கும் பொருட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டு, ஏரிப் படுகையிலேயே கரை எழுப்பி மீன் வளர்க்க அரசு இடமளித்தது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கட்லா, ரோகு வளர்ப்பில் ஆதாயம் பெருகவே, வெளியாரின் முதல் உட்புகுந்தது. சங்கக் குளங்கள் பல குத்தகைக்குச் சென்றன. மீனவர் பலர் தம் குளத்திலேயே கூலியாட்களாயினர். 2001-ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் ஏரிப்பரப்பு மீன் குளங்களாகிவிட்டதைக் கண்டனர்.

குளத்தில் இடும் தவிடும் கோழி எருவும் முழுவதும் மீனாகிவிடுவதில்லை. எஞ்சிய தழைச்சத்தும் மணிச்சத்தும், குளத்து நீரை வெளியேற்றும்போது ஏரியை அடைகின்றன. பாசியும் ஆகாயத் தாமரையும் மண்டுகின்றன. அவை மடிந்து அழுகுகையில் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து, இயற்கை மீன்வளம் நலிகிறது. கரைகளோ வெள்ளத்தின் வழியை அடைக்கின்றன. தேங்க இடமற்ற நீர் சுற்றிலுமுள்ள நெல் வயல்களில் ஏறுகிறது. இதனை மும்பைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, ஒடுக்கப்பட்ட மீட்டி ஆறு செய்ததை நீங்கள் அறிவீர்கள்.

கடல் மட்டத்திற்கு மேல் 5 அடி உயரக் கோட்டுக்குட்பட்ட 308 சதுர கிலோமீட்டர் பரப்பு 1999-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் அது ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அறிவிப்பால் ஒரு கரையும் கரைந்துவிடவில்லை! உச்ச நீதிமன்றத்தின் கட்டளைக்குப் பின், 2006-இல்தான் குளங்கள் உடைக்கப்பட்டன. 2008-இல் எல்லையை 3 அடிக் கோட்டுக்குச் சுருக்க வேண்டுமெனச் சட்டமன்றம் தீர்மானித்தது. அதனை ஆராய்ந்த டாக்டர் அசீஸ் தலைமையிலான குழு, 5 அடி எல்லையே நீடிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இதற்கிடையே உடைத்த குளங்கள் பல மீண்டும் தலைதூக்கின.

இதில் வியப்பில்லை. கரையை உடைக்கச் செலவிட்ட முனைப்பில் பாதியேனும் மீனவரின் மாற்றுப் பிழைப்புக்குச் செலவிடப்படவில்லை என்பது என் கருத்து. மீன் வளர்ப்பு வேண்டாமென நான் கூறவில்லை. மலிவான புரதம் ஏழைகளுக்குத் தேவை. வளர்ப்பு ஏரிப் படுகைக்கு வெளியே நடக்கட்டும். கழிவுநீரைத் தேக்கித் தெளியவிட்ட பிறகே வெளியேற்றும் விதி வேண்டும். வெளியேற்றும் நீரின் அளவுக்கேற்பக் கட்டணம் விதித்து, அத்தொகையை ஏரி மீனவர் சங்கங்களுக்கே வழங்கலாம். அப்போது ஒரு கிலோ கெண்டையின் விலை சற்று உயரும். அதுவே அதன் உண்மையான விலை.