ஐயோ என்னும் விளி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் கேட்டபோது, பெரியதொரு தலைப்பை என்னிடம் எதிர்பார்த்திருப்பார். நான் தந்ததோ இரண்டெழுத்துச் சொல். 'ஐயோ'. விழா மேடையில் இந்தச் சொல்லா என்று அவர் தயங்கினார். அவருடைய தயக்கம் நியாயமானதே. விளக்கு வைத்த வேளையில் அச்சொல்லைச் சொன்னால் எங்கள் வீட்டில் பாட்டி அதட்டுவார். 'ஐயோ' என்பது எமன் மனைவியின் பெயர், கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்பது அவருடைய நம்பிக்கை. நம்பிக்கை கிடக்கட்டும், அதனுள் ஓர் இலக்கண உண்மை ஒளிந்திருக்கிறது. ஐயோ வெறும் ஒலியன்று. யாரையோ அழைக்கும் விளி. நான் சொல்ல வந்ததும் அதுவே. இத்தலைப்பை எடுத்தமைக்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் சொல்கிறேன்.

உணர்ச்சியொலிகளை எங்கே வைப்பது என்பது இலக்கணிகளுக்குத் தொல்லையாகவே இருந்து வந்துள்ளது. கிரேக்கர் சொற்களை எட்டாகப் பகுத்தபோது, இவ்வொலிகளை வினையடையோடு சேர்த்துவிட்டனர். அவர்களைப் பின்பற்றிய உரோமரின் இலத்தீனிலோ, ஆங்கிலத்தின் 'தி' போன்ற சொல்வகை இல்லை. எட்டில் ஒன்று குறைந்தது. அவ்விடத்தை நிரப்ப, உணர்ச்சியொலியைத் தனி வகையாக்கி, 'இடையே எறியப்பட்டது' என்னும் பொருளில் பெயரிட்டனர். காலியிடத்தை நிரப்ப வந்த சொல்! நம்மவரும் இதனைப் பெயர், வினை, இடை, உரி என்னும் நான்கனுள் இடைச்சொல்லில் அடக்கினர். ஆனால், ஐயோவைப் பற்றிய நுட்பமான செய்தி இடையியலில் மட்டும் இல்லை. வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, தொல்காப்பிய உரியியல். 'ஐ' என்பதற்கு வியப்பு என்று அங்கே பொருள் கூறப்படுகிறது. தலைவன் என்னும் பொருளும் அதற்கு உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மற்றொன்று, நன்னூலின் விளி பற்றிய நூற்பா. அருகில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் இயல்பாகவோ ஈறு குறைந்தோ நிற்கும். தொலைவில் இருப்பவரை அழைத்தால் ஓசை நீளும். புலம்பலில் 'ஓ' சேரும். இவ்வளவே பவணந்தியார் சொல்வது. மாணவர்க்கு இதனைப் பல்லாண்டுகள் நடத்தியும் அதன் ஆழம் எனக்குப் பிடிபடவில்லை. அண்மை ஒரு தொலைவு. சேய்மை ஒரு தொலைவு. இரண்டுக்கும் அப்பால், எவ்வளவு உரக்க அழைத்தாலும் மறுமொழி வாராத தொலைவு ஒன்று இருக்கிறது. அதற்கென்று 'ஓ' என்னும் ஓரெழுத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார் அவர். 'ஐய' என்னும் விளியோடு அந்த 'ஓ' சேர்ந்ததே 'ஐயோ' என்று கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வலியெடுத்தால் நாம் 'அம்மா' என்கிறோம், 'அப்பா' என்கிறோம். தமிழன் வலியைச் சொல்வதில்லை. வலியில் யாரையாவது கூப்பிடுகிறான்.

அப்படியானால் மகிழ்ச்சியில் ஐயோ வரலாமா? வந்திருக்கிறது. திருப்பாணாழ்வார் அரங்கனின் வாயழகில் தோற்றபோதும், நீலமேனியில் நெஞ்சைப் பறிகொடுத்தபோதும் இச்சொல்லையே சொன்னார். கம்பர் கங்கைப் படலத்தின் முதற் பாட்டில் இராமனுடைய நிறத்துக்கு மை, மரகதம், கடல், முகில் என்று உவமைகளை அடுக்கிப் பார்க்கிறார், எதுவும் போதவில்லை, அப்போது 'ஐயோ' என்கிறார். கவிஞர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, அச்சொல் வரும் இடம். எடுத்த எடுப்பில் அது வரவில்லை. உவமைகள் ஒவ்வொன்றாகத் தோற்ற பிறகே வருகிறது. பேரழகும் பேரிழப்பும் ஒன்றுபடும் இடம் அது. இரண்டின் முன்னும் சொற்கள் தோற்கின்றன.

பிற மொழிகளைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'ஐயை' என்பது புலம்பலொலி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சோபோக்ளிஸ் இயற்றிய நாடகத்தில் அயாசு என்னும் வீரன் மதிமயங்கி, பகைவர் என்று எண்ணிக் கால்நடைகளை வெட்டிச் சாய்க்கிறான். தெளிந்ததும் அவமானத்தில் துடிக்கிறான். தன் பெயரே புலம்பலாய் அமைந்துவிட்டதே என்று அப்போது அவன் நினைக்கிறான். கூப்பிடும் பெயரும் கதறும் ஒலியும் அங்கும் ஒன்றாகிவிடுகின்றன. சீனத்திலும் நம் ஐயோவைப் போலவே ஒலிக்கும் சொல் ஒன்று வலிக்கும் வியப்புக்கும் வழங்குகிறது. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கொண்டாட வேண்டியதில்லை.

மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றில் ஐயோ உண்டு. சிங்களத்திலும் உண்டு. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2016-இல் அதனைத் தன் சொற்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதனினும் என் நெஞ்சைத் தொட்ட செய்தி வேறு. நம் பழைய உரையாசிரியர் சிலர் திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தரும்போது, 'அந்தோ' என்பதைச் சிங்களச் சொல்லென்று காட்டுவர். வடசொல் என்பாரும் உளர். எது சரியாயினும், துயரத்தைச் சொல்லும் சொல்லை அண்டை வீட்டிலிருந்து பெற்றோம் என்று எழுத அப்பெரியோர் கூசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த சிங்களத் தாயும் தமிழ்த் தாயும் ஒரே சொல்லால் கதறுவதை நம் தலைமுறை கண்டது. மொழியால் பிரிந்தவர்களுக்கு அச்சொல் மட்டும் பொதுவாக இருந்தது.

இத்தகைய சிறு சொற்கள் தும்மலைப் போல் உடலிலிருந்து தாமாகத் தெறிப்பவை என்று எண்ணுவோர் உண்டு. 2013-இல் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவன ஆய்வாளர் மூவர், 'என்ன சொன்னீர்கள்?' என்னும் பொருளில் நாம் 'ஆங்?' என்போமே, அதன் நிகர்களை ஐந்து கண்டங்களின் பத்து மொழிகளில் நுணுகி ஆராய்ந்தனர். அவை வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன. அவை உடலின் அனிச்சை ஒலிகளல்ல, உரையாடலின் தேவையால் உருப்பெற்ற சொற்களே என்பது அவர்கள் முடிபு. எதிரில் ஒருவர் இருப்பதால்தான் அச்சிறு சொல்லும் பிறக்கிறது.

இனி, என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் இளம் பெண் கவிஞர் ஒருவர், இறந்துபோன தம் அண்ணனைப் பற்றிக் கவிதை படித்தார். அதன் இறுதி அடி 'ஐயோ' என்னும் ஒரே சொல். மதிப்புரை வழங்கும் பொறுப்பு அன்று எனக்கு. "இது மிகையுணர்ச்சி. ஒப்பாரி வேறு, கவிதை வேறு. அச்சொல்லை நீக்கிவிடுங்கள்" என்றேன். முனைவர் பட்டம் பெற்றவள் சொன்னதால் அவரும் நீக்கிவிட்டார். அச்சில் வந்தபோது அவ்விடத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. பலரும் பாராட்டினார்கள்.

சென்ற ஆண்டு என் தாயார் மறைந்தார். அழாமல் நின்ற என்னை, படித்தவள் திடமாக இருக்கிறாள் என்று உறவினர் மெச்சினர். காரியமெல்லாம் முடிந்த ஒரு மாலை, சமையலறை அலமாரியைத் திறந்தேன். ஒரு டப்பாவின் மேல் 'கடுகு' என்று அம்மாவின் கோணல் எழுத்து. என்னையறியாமல் வாய்விட்டு 'ஐயோ' என்றேன். விளக்கு வைத்த நேரம் அது. அடுத்த அறையிலிருந்து என் மகள் "என்னம்மா?" என்று ஓடிவந்தாள். நான் அழைத்தவர் வரவில்லை; கேட்டவள் வந்தாள். நன்னூல் நூற்பா எனக்கு அன்றுதான் விளங்கியது.

அந்தக் கவிதையின் இறுதிச் சொல் அண்ணனை அழைத்த விளி. கேட்டிருந்தால் நாம் ஓடிப் போயிருப்போம். அவ்வாறு போகவிடாமல் கதவைச் சாத்தியவள் நான். அக்கவிஞர் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அம்மா, இம்மேடையிலிருந்து தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தங்கள் தொகுப்பு வெளிவரும்போது, அச்சொல்லை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டுகிறேன்.

இனி அடிதோறும் ஐயோ எழுதுங்கள் என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டா. மற்றச் சொற்கள் எல்லாம் தோற்கும் வரை காத்திருங்கள். தோற்ற பின்னும் அச்சொல்லை எழுத வெட்கப்படாதீர்கள்.