உப்பு பார்க்கிற பழக்கமும் மீன் புழுவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



சதுரங்கப்பட்டினத்துப் பெண்களிடம் வந்து மீனைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு துணிச்சல் வேணும். மீனைக் கையில் தொட்டே அது எந்த நேரத்து மீன்னு சொல்லுவீங்க. ஆனா இன்றைக்கு நான் பேச வந்தது கடல் மீனைப் பற்றி இல்லை. ஏரி மீன், குளத்து மீன், கால்வாய் மீன். நம்ம செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். கோடையில் ஏரி வற்றும்போது கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி எல்லாம் கூடை கூடையாக வருது. விலையும் குறைவு, பிள்ளைகளுக்கும் சத்து. சாப்பிடாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். வேகாமல் சாப்பிடாதீங்க, அவ்வளவுதான்.

"நாங்க என்ன பச்சை மீனையா திங்கிறோம்?"னு பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. நம்ம ஊர் மீன் குழம்பு புளியும் மிளகாயுமாகக் கொதிக்கிற குழம்பு. அதில் எந்தப் புழுவும் பிழைக்காது. அப்படி இருந்தும் 1998-ல், மீன் நாடாப்புழு மனுஷ உடம்பில் இருந்ததாக இந்தியாவிலேயே முதல் மருத்துவ அறிக்கை எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து. அப்புறம் 2007-ல் புதுச்சேரியிலிருந்து இன்னொரு அறிக்கை. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வருகிற புதுச்சேரிதான். அபூர்வமான நோய்தான், பயப்பட வேண்டாம். ஆனா நமக்கு வராத நோய்னு சொல்ல முடியாது.

இந்தப் புழு குடலில் ஒட்டிக்கொண்டு 30 அடிக்கு மேலேயும் வளரும். மாசக்கணக்கில் இருந்தாலும் பல பேருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு வயிறு ஒரு மாதிரியாக இருக்கும், சோர்வாக இருக்கும். நாம சாப்பிடுகிற சாப்பாட்டில் உள்ள பி12 சத்தை அது தன் பங்குக்கு உறிஞ்சிவிடும். அதனால் ரத்தசோகை வரலாம், கைகால் மரத்துப் போகலாம். அந்த ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் தின்றால் சரியாகாது.

வேகாத மீன் நம்ம வாய்க்குள் எப்படிப் போகும்? இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வெளிநாட்டில் யூதக் குடும்பங்களில் ஏரி மீனை அரைத்து உருண்டை பிடித்து வேகவைக்கிற ஒரு பலகாரம் உண்டு. அந்த வீடுகளில் சமைக்கிற பெண்களுக்குத்தான் இந்தப் புழு வந்தது. ஏன்? அரைத்த பச்சை விழுதை நாக்கில் வைத்து உப்பு பார்த்தாங்க! வெந்த பிறகு சாப்பிட்ட வீட்டு ஆம்பளைங்க தப்பிச்சிட்டாங்க. நம்ம குழுக்களில் மீன் கட்லெட், மீன் வடை போட்டு விற்கிறவங்க இருக்கீங்க. மசாலா பிசைந்ததும் ஒரு துளி வாயில் வைக்கிற பழக்கம் யாருக்கு இல்லை, கையைத் தூக்குங்க பார்ப்போம். ஒருத்தரும் தூக்கலை! இனிமேல் ஒரு சின்ன உருண்டையை எண்ணெயில் போட்டுப் பொரித்து எடுத்து, அதில் உப்பு பாருங்க. ஒரு நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஏரிக்கரையில் பிள்ளைகள் ஓலையைக் கொளுத்தி மீன் சுடுவது. மேலே கருகியிருக்கும், முள்ளை ஒட்டின இடத்தில் சதை பச்சையாக இருக்கும். தோசைக்கல்லில் பெரிய கட்லா துண்டைப் போட்டாலும் அதே கதைதான். சதை கண்ணாடி மாதிரி மினுங்கக் கூடாது. வெள்ளையாகி, முள்ளை விட்டு உதிர்ந்து வரணும். கணக்காகச் சொன்னால், துண்டின் நடுவில் 63 டிகிரி சூடு ஏறணும்.

மூன்றாவது, எலுமிச்சையை நம்புவது. தாய்லாந்தின் வடகிழக்குப் பக்கம் ஈசான்னு ஒரு வட்டாரம். நம்மள மாதிரி நெல் விளைகிற, குளம் குட்டை நிறைந்த ஊர்கள். அங்கே "கொய் ப்லா"ன்னு ஒரு பதார்த்தம். சின்னக் கெண்டை மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் போட்டுப் பிசைந்து சாப்பிடுவாங்க. எலுமிச்சை பட்டதும் சதை வெளுத்து வெந்த மாதிரி தெரியும். ஆனா உள்ளே இருக்கிற குஞ்சுப் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அது கண்ணுக்கும் தெரியாது. குடலிலிருந்து ஏறிப் போய் கல்லீரலின் பித்தக் குழாயில் குடியிருக்கும். இருபது முப்பது வருஷம் கழித்து அங்கே புற்றுநோயாக வந்து நிற்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே, இந்தப் புழு மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியாகச் சொல்லிவிட்டது. புழுவுக்கு நல்ல மாத்திரை இருக்கு. அங்கேயும் கொடுத்தாங்க. மாத்திரை போட்டுவிட்டு, மறுபடி பச்சை மீனைத் தின்று, மறுபடி புழுவை வாங்கிக்கிட்டாங்க. அப்பாவும் தாத்தாவும் தின்றதுதானேங்கிற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு போல.

நம்ம நாட்டில் மணிப்பூர் பக்கம் ஓடை நண்டை வேகாமல் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரலில் புழு வந்திருக்கு. இருமலில் ரத்தம் வரும். காசநோய்னு நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரையை விழுங்கினவங்க உண்டு. சளிக்கு நாம வயல் நண்டை இடித்து ரசம் வைக்கிறோமே, நல்லாக் கொதித்தால் அதில் தப்பில்லை. ஆனா நண்டு இடித்த உரலைக் கழுவாமல் அதிலேயே துவையல் அரைக்காதீங்க. பச்சை மீன் நறுக்கின அரிவாள்மனையில் வெங்காயம் அரிவதும் அப்படித்தான்.

வருஷா வருஷம் ஜூன் மாதம் ஹைதராபாத்தில் ஆஸ்துமாவுக்கு உயிருள்ள விரால் குஞ்சை விழுங்க வைக்கிறாங்க. நம்ம பக்கத்திலிருந்தும் ரயிலேறிப் போறாங்க. அவரவர் நம்பிக்கை. என்னைக் கேட்டால் என் பேரப்பிள்ளையை அனுப்ப மாட்டேன். விரால் மீனில் தோலுக்கடியிலும் கண்ணிலும் ஊர்கிற ஒரு புழு இருப்பது தாய்லாந்தில் நல்லாத் தெரிந்த விஷயம். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. 2015-ல் அங்கே பச்சை ஏரி மீன் சாப்பிட்ட பல பேருக்குக் கிருமி ரத்தத்தில் ஏறி, கடைகளில் பச்சை ஏரி மீன் பரிமாறுவதையே அரசாங்கம் தடை செய்தது. அது புழு இல்லை, பாக்டீரியா. வாசல் மட்டும் ஒன்றுதான்.

இந்தப் புழு மீனுக்கு எப்படிப் போகுது? நம்மகிட்டேயிருந்துதான். புழு உள்ளவர் ஏரிக்கரையில் ஒதுங்கினால் முட்டை மழைத் தண்ணியோடு ஏரிக்குப் போகும். அங்கே ஈரல் புழுவை நத்தையும், நாடாப்புழுவைக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சியும் வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து மீன், மீனிலிருந்து மறுபடி நாம. நாடாப்புழுவுக்கு நாயும் ஒரு வீடு. அதனால் ஏரி மீனின் குடலை நாய்க்கு வீசாமல் குழி தோண்டிப் புதையுங்க. கழிப்பறைக் கடனுக்குத் தீர்மானம் போடும்போது இதையும் நினைத்துக்குங்க. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் புழு செத்துடும்னு நம்பாதீங்க. அதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் 7 நாள் இருக்கணும். நம்ம வீட்டுப் பெட்டி அந்தக் குளிருக்குப் போகும்னு சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் 1 முதல் 19 வயது வரை பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரை மண்ணிலிருந்து வருகிற புழுக்களுக்கானது. தவறாமல் போடுங்க. ஆனா மீன் புழுவுக்கு அது போதாது, பிராசிகுவாண்டல்னு வேறே மாத்திரை. டாக்டர் எடை பார்த்துத்தான் கொடுக்கணும், கடையில் நீங்களாக வாங்காதீங்க. மலத்தில் வெள்ளை ரிப்பன் மாதிரி துண்டு வந்தால் வெட்கப்பட்டுக் கழுவி விடாதீங்க. ஒரு மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. ஏரி மீன் சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லுங்க. நீங்க சொன்னால்தான் டாக்டருக்கும் அந்த யோசனை வரும்.

கேள்வி இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்க, பேசுவோம்.